ஸபாஹ் முடியாத வரைக்கும்

சாக்கு தைக்கிற ஸ்மாரோ சொன்ன கதை இது. அவளுக்கு அவள் சித்தப்பா சொன்னாராம். சித்தப்பாவுக்குச் சொன்னவன் தீவுச் சிறையில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்தவனாம். சிறை முற்றத்தில் ஒருத்தனைத் தீர்த்துக்கட்ட நான்கு பேர், கரண்டிக் காம்பைத் தீட்டிச் செய்த கத்திகளோடு நின்றார்களாம். சாகப்போகிறவன் கடைசியாக ஒரு ஆட்டம் கேட்டானாம். ஒரு கைதி பக்லமா என்கிற குட்டித் தந்தி வாத்தியத்தை எடுத்து, ஸபாஹ் என்கிற ராகப் பாதையில் வாசிக்கத் தொடங்கினானாம். ஒன்றரை மணி நேரம். நான்கு பேரும் கத்தியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்களாம். பாட்டு முடியவில்லை. வார்டர்கள் வந்து கத்திகளைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் முடிந்ததாம்.

"நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ." ஸ்மாரோ நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "எங்க சித்தப்பா பொய் சொல்ற ஆளுதான். ஆனா பாட்டு விஷயத்துல சொல்ல மாட்டாரு."

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த பொலிக்ஸேனியின் கோணி ஊசி சாக்கைத் தாண்டி அவள் கட்டைவிரலுக்குள் இறங்கியிருந்தது. பிடுங்கினாள். விரலை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பாதையை வாசிக்கத் தெரிஞ்சவங்க இங்க யாராவது இருக்காங்களா?"

"பக்லமா வாசிக்கிறவ நீ. என்னைக் கேட்கிற."

கிரேக்க நாட்டில், பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய திராபெட்ஸோனாவில் பொலிக்ஸேனியைத் தெரியாதவர்கள் குறைவு. பகலில் மாவு மில்லில் சாக்கு தைப்பாள். சனி, ஞாயிறுகளில் ப்ரோத்ரமோஸின் தவர்னா என்கிற ஒயின்கடையில், நாற்காலி போட்ட மரமேடையில், ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து வாசிப்பாள். கடலுக்கு அக்கரையில் ஸ்மிர்னா நகரம் எரிந்து, கிரேக்கர்கள் படகேறி ஓடிவந்தபோது அவள் கைக்குழந்தை. படகில் ஏறும்போது எவனோ ஒருவன் அம்மாவின் காது வளையத்தைக் காதோடு பிய்த்துக்கொண்டு போனான். அந்த ரத்தம் தன் வாயில் விழுந்ததைத்தான் தன்னுடைய முதல் சாப்பாடு என்று அவள் சொல்வாள். பதினாறு வயதில், போலீஸ்காரர்கள் இந்த வாத்தியங்களைக் கண்ட இடத்தில் உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு போலீஸ்காரன் அப்பாவின் பக்லமாவை அப்பாவின் முதுகிலேயே அடித்து உடைத்தான். வாத்தியம் உடைந்தது, முதுகு உடையவில்லை. அது அவனுக்கு அவமானமாகப் பட்டதோ என்னவோ, அடுத்து ஸ்டூலை எடுத்தான். அப்பா அதற்குப் பின் நிமிர்ந்து நடக்கவில்லை. குனிந்தபடியே அவர் செதுக்கிய இரண்டாவது பக்லமாதான் அவளிடம் இருப்பது. முழங்கை நீளம், மூன்று ஜோடித் தந்தி, மேல்கோட்டுக்குள் அடங்கிவிடும்.

யுத்த காலத்துப் பஞ்ச வருஷத்தில் அம்மா போனாள், அப்பாவும் போனார். பத்து வயது இளையவனான தம்பி லாம்பிஸை அவள்தான் வளர்த்தாள். கட்டிக்கொண்டவன் குடித்துவிட்டு அடிப்பான். ஒரு நாள் அவள் கோணி ஊசியை அவன் தொடையில் ஏற்றினாள். மறுநாள் கப்பலில் சமையல் வேலைக்கென்று நொண்டிக்கொண்டே போனவன் திரும்பவில்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "நல்ல ஊசி" என்பாள். அவ்வளவுதான்.

தவர்னாவில் ஒருவன் எழுந்து வாத்தியக்காரர்களிடம் பாட்டைக் கேட்டு வாங்கினால், அது முடியும்வரை அவன் சொத்து. தரை அவனுக்கு. அவன் ஒருவன்தான் ஆடலாம். வேறு யாராவது அதில் கால் வைத்தால் அது ஆட்டமல்ல, சண்டைக்குக் கொடுக்கும் அழைப்பு. ஏழு வருஷத்துக்கு முன்னால் லாம்பிஸ் கேட்டு வாங்கிய பாட்டில் சுண்ணாம்புக் காளவாய்க்காரர் வீட்டு மூத்தவன் அந்தோனிஸ் கால் வைத்தான். லாம்பிஸ் ஆட்டத்தை நிறுத்தாமலே கத்தியை எடுத்தான். அந்தோனிஸ் ஒயின் பீப்பாய்களுக்கு நடுவே விழுந்து, குழாயைத் திருகிவிட்டபடியே செத்தான். ரத்தமும் ஒயினும் சேர்ந்து வாசல்வரை ஓடின. மேடையில் பொலிக்ஸேனி வாசித்துக்கொண்டிருந்தாள்.

லாம்பிஸுக்குச் சிறையிலிருந்து விடுதலை, நான்கு வாரத்தில், சனிக்கிழமை.

அந்தச் செய்தி வந்த அன்று மாலையே அந்தோனிஸின் தம்பிகள் இரண்டு பேரும் மில் வாசலில் அவளைப் பார்க்க வந்துவிட்டார்கள். பெரியவன் யோர்தானிஸ் தொப்பியைக் கழற்றினான். சின்னவன் நிகீதாஸ் கழற்றவில்லை. அண்ணன் முறைத்த பிறகு கழற்றினான்.

"அக்கா, உன் மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றான் யோர்தானிஸ். "அன்னைக்கு எங்க அண்ணன் பண்ணது தப்பு. அவன் தரையில கால வச்சிருக்கக் கூடாது. ஊரே அதைத்தான் சொல்லுது. ஏழு வருஷமா காளவாய் வீட்டுக்காரங்களுக்கு மரியாதை தெரியாதுன்னு சொல்லுது."

"அதனால?"

"அதனால உன் தம்பி வரட்டும். முதல் ஞாயிறு பாட்டு கேட்பான், ஆடுவான். ஆடட்டும். நாங்க உக்காந்து பார்ப்போம். கடைசி நோட்டு வரைக்கும் ஒரு விரல் அசைக்க மாட்டோம்."

"அப்புறம்?"

யோர்தானிஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டான். "அப்புறம் பாட்டு முடிஞ்சிடும்ல."

"ஒரு ஊசி கொடு, வாயைத் தச்சுக்கிறேன்" என்றான் நிகீதாஸ் சிரித்துக்கொண்டே. "கடைசி நோட்டு வரைக்கும்."

ஸ்மாரோவின் கதை அந்த வாரம்தான் வந்தது. பாட்டு முடியாவிட்டால்? பொலிக்ஸேனிக்குத் தெரிந்த பாதைகள் ஒன்பது. எல்லாவற்றிலும் ஏழு ஸ்வரப் படி ஏறினால் எட்டாவது படி வீடு, பாட்டு கிளம்பிய ஸ்வரம். கீழ் வீடும் மேல் வீடும் ஒரே குரல். எவ்வளவு இழுத்தாலும் ஏதாவது ஒரு இடத்தில் வீடு வந்துவிடும், கேட்பவன் காது "முடிந்தது" என்று சொல்லிவிடும். ஸபாஹ் அப்படியில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் அதை வாசித்ததில்லை. "அதுல போனவனுக்குத் திரும்ப வழி தெரியாது" என்று சொல்லி வேறு பாதைக்குத் தாவிவிடுவார்.

நான்கைந்து நாள் மற்ற வாத்தியக்காரர்களைக் கேட்டுப் பார்த்தாள். புஸூகி வாசிக்கும் மாந்தோஸ் தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் கிழக்கத்தி வம்பு அக்கா. எனக்குத் தெரிஞ்சது சோத்துக்கு வாசிக்கிறது."

வியாழக்கிழமை மத்தியானம் மில் வாசலில் இருக்கும் ஃபோதிஸின் பெட்டிக்கடையில் சிகரெட் வாங்க நின்றாள். ஃபோதிஸ் சில்லறையைத் தேடிக்கொண்டே சீட்டியடித்துக்கொண்டிருந்தான். வருஷக்கணக்காக அவன் அடிக்கும் அதே கோணல் சீட்டி. முதல் தடவையாக அவள் அதைக் கேட்டாள். சீட்டி ஏறியது, நாலாவது படியில் கால் இடறியது, மறுபடி ஏறியது, உச்சிக்கு அரைப்படி கீழேயே நின்றுவிட்டது. வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டாமல் திரும்பிப் போகிற மாதிரி.

"ஃபோதிஸ், நீ ஊதுறது என்ன?"

"எது?"

"இப்ப ஊதினியே. அது ஸபாஹ் தானே?"

சீட்டி நின்றுவிட்டது. "உனக்கு சிகரெட் வேணுமா, பேச்சு வேணுமா?"

ஃபோதிஸ் அவள் வயதுக்காரன்தான். தீவுச் சிறையில் வார்டராக இருந்தவன். ஒரு கைதி உளியால் முழங்காலைக் குத்திக் குடைந்த பிறகு, காலுக்குப் பதிலாக இந்தப் பெட்டிக்கடை அனுமதி கிடைத்தது. கடையில் ஒரு டெலிபோனும் உண்டு. அந்த வட்டாரத்துக்கே அது ஒன்றுதான்.

அவள் ஸ்மாரோவின் கதையைச் சொன்னாள். ஃபோதிஸ் தீப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டான்.

"ஒன்றரை மணி நேரமா? எவன் சொன்னான்? இருபது நிமிஷம்கூட இருக்காது. நாலு பேர் இல்ல, ரெண்டு பேர். வார்டர் வந்தது மட்டும் உண்மை."

"வந்து கத்தியைப் பிடுங்கினாங்களா?"

"வார்டர் கத்தியைப் பார்க்கவே இல்ல. தடை பண்ண வாத்தியம் முற்றத்துல கேட்குதுன்னு தடியோட ஓடினான். வாசிச்சவனோட இடது கையில அடிச்சான். நாலு அடி. பாட்டு நின்னுடுச்சு." தீப்பெட்டி அடுக்கு சரிந்தது. "நின்ன உடனே அந்த ரெண்டு பேரும் பாய்ஞ்சாங்க. என் பூட்ஸ் மேலதான் அவன் குடல் வந்து விழுந்தது. அப்பத்தான் எனக்கு என்ன நடந்ததுன்னே புரிஞ்சுது."

அவள் தன் இடது கை விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"வாசிச்சவனுக்கு அப்புறம் விரல் மடங்கல. வாத்தியமும் இல்ல, விரலும் இல்ல. நான் அவன் செல் முன்னால போகும்போதெல்லாம் அதையே சீட்டி அடிப்பான். ஒரு வார்த்தை திட்ட மாட்டான். சீட்டி மட்டும். நாலு வருஷம். சாகுற வரைக்கும்." அவன் சில்லறையைக் கண்ணாடி மேல் வைத்தான். "எடுத்துக்கிட்டுப் போ."

"எனக்கு அது வேணும், ஃபோதிஸ்."

"என்னத்துக்கு?"

சொன்னாள். அவன் கடைக்குள் நொண்டிக்கொண்டே திரும்பி, டெலிபோன் மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தான்.

"வாத்தியத்தைக் கொண்டா. நான் வாசிக்கல்லாம் மாட்டேன். தொடக்கூட மாட்டேன்."

மூன்று வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டிக்கடைக்குப் பின்னால், பத்திரிகைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து அவள் பழகினாள். அவன் உள்ளே நின்று கடைக்கு வருகிறவர்களுக்குப் புகையிலை நிறுத்துக்கொண்டே சீட்டியடிப்பான். தப்பானால் தடித்த ரூல்கட்டையால் தகரச் சுவரில் ஒரு தட்டு. முதல் நாள் அந்தத் தட்டு விழுந்தபோது அவள் தன் கையை மார்போடு இழுத்துக்கொண்டாள். அவனும் அதைப் பார்த்தான். மறுநாளிலிருந்து விரல்கணுவால் தட்டினான்.

வீட்டிலிருந்து ஒரு முழுப்படி, அடுத்தது அரை, அதற்கடுத்தது மறுபடி அரை. நாலாவது படி இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, முந்திக்கொண்டு வந்துவிடும். எத்தனையோ வருஷம் ஒரே இடத்துக்குப் போய்ப் பழகிய விரல் அங்கே நிற்க மறுத்தது. அவள் சுண்டுவிரலைக் கடித்தாள். ஒரு நாள் கோபத்தில் விரலைப் பெட்டிக்கடைக் கதவில் வைத்து நசுக்கினாள். வீங்கிய விரல் பயத்தினாலோ என்னவோ, வாத்தியக் கழுத்தின் சரியான மெட்டில் போய் உட்கார்ந்தது.

"உன் விரலை நீயே உடைச்சிடு. எனக்கு வேலை மிச்சம்" என்றான் ஃபோதிஸ்.

உச்சியில்தான் தொல்லை. நடு ஜோடித் தந்தியில் நாலாவது மெட்டோடு பாதை நின்றுவிட வேண்டும். ஆனால் அதற்கு மேலிருக்கும் மூன்றாவது ஜோடி, யாரும் தொடாமலே, மேல் வீட்டின் குரலில் கட்டப்பட்டது. நடுவில் கொஞ்சம் அழுத்தி மீட்டினால் போதும், கூடவே அது முனகிவிடும். முனகியதும் பாட்டு வீடு சேர்ந்துவிடும்.

"அந்தத் தந்தியைக் கழட்டி எறி" என்றான் அவன்.

"எறிஞ்சா எதை வச்சு முடிக்கிறது? முடிக்காத பாட்டைக் கொடுத்தா அதுவும் அவனை அவமானப்படுத்துறதுதான். நேரம் வரும்போது அது உடனே வேணும்."

யோசித்து, சாக்கு வாயைத் தைக்கும் சங்கிலித் தையலை அந்த ஜோடியின் மேல் போட்டாள். மெழுகு நூல். தந்தி மூச்சு விடாது. தையலின் வால் நூலை வலது சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். மாவுச் சாக்கைப் பிரிக்கிற மாதிரி, ஒரு இழு. மொத்தத் தையலும் கழன்று தந்தி விடுதலையாகிவிடும்.

"எப்ப இழுப்ப?"

"ஜீப் சத்தம் கேட்டதும்."

ஃபோதிஸ் புகையிலைத் தராசைக் கீழே வைத்தான். "என்ன ஜீப்?"

"நான் முதல் தந்தியைத் தொட்டதும் நீ போலீஸுக்குப் போன் பண்ற. முன்னாடியே பண்ணினா ஜீப்பைப் பார்த்து எவனும் கத்தியோட உள்ள வர மாட்டான். எப்படியும் மூணு பேர் இடுப்புலயும் கத்தி இருக்கும். மூணு பேரையும் அள்ளிக்கிட்டுப் போகட்டும்."

"உன் தம்பியையும் காட்டிக்கொடுக்கச் சொல்ற."

"ஆமா."

"வெளிய வந்த மறுநாளே கத்தியோட மாட்டினா மூணு வருஷம் போடுவாங்க, பொலிக்ஸேனி. தெரிஞ்சா அவன் உன் முகத்துல துப்புவான்."

"துப்பட்டும். துப்புறதுக்கு அவன் இருக்கணும்ல."

சனிக்கிழமை படகிலிருந்து லாம்பிஸ் இறங்கினான். இருபத்தெட்டு வயதுக்குள் முன்பற்கள் இரண்டு போயிருந்தன. மூக்கு உடைந்து ஒரு பக்கமாகச் சேர்ந்திருந்தது. அக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

"கனத்துட்ட அக்கா."

"நீ தேய்ஞ்சுட்ட. டேய், நாளைக்கு ஆட வேண்டாம். சரக்குக் கப்பல்ல சொல்லி வச்சிருக்கேன். காலையிலயே ஏறிடு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

"ஏழு வருஷம் சுவத்துக்கு முன்னால ஆடினேன். சுவரு கை தட்டாது அக்கா." அவன் சிரித்தபோது பல் இல்லாத இடத்தில் நாக்கு தெரிந்தது. "அவங்க உக்காந்து பார்க்கணும். பார்த்துட்டு என்ன வேணா பண்ணட்டும். ஒளிஞ்சு கப்பல் ஏறினா, அந்தோனிஸைக் கொன்னது நான் இல்ல, ஏதோ ஒரு பயந்தாங்கொள்ளின்னு ஆயிடும்."

"பூட்ஸுக்குள்ள என்ன வச்சிருக்க?"

"கால்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பாடு முடிந்த மூன்று மணி. ப்ரோத்ரமோஸின் தவர்னாவில் பொரித்த நெத்திலி வாசனையும் ரெட்ஸினா ஒயினும் புகையும். காளவாய்க்காரர்கள் இரண்டு பேரும் சுவரோரம், கதவுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள மேசையில், வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யோர்தானிஸ் தன் ஒயினைத் தொடவில்லை. நிகீதாஸ் மூன்றாவது குவளையில் இருந்தான். மற்ற மேசைக்காரர்கள் நாற்காலிகளை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். ஓர் ஆளும் எழுந்து போகவில்லை. ப்ரோத்ரமோஸ் மட்டும் பீப்பாய்களுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போன தடவை ஒயின் வீணானதை அவர் மறக்கவில்லை.

லாம்பிஸ் எழுந்து மேடைக்கு முன் வந்தான்.

"எங்க அப்பா பக்லமால ஒரு ஆட்டம். என் பேர்ல."

பொலிக்ஸேனி சுண்டுவிரலில் நூலைச் சுற்றினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து. ஜன்னல் வழியே, தெருவுக்கு அந்தப் பக்கம் மில் வாசலில், ஃபோதிஸின் பெட்டிக்கடை தெரிந்தது. அவள் முதல் தந்தியைத் தொட்டாள். ஃபோதிஸ் டெலிபோனை எடுப்பது தெரிந்தது.

மாந்தோஸ் கீழ்த்தந்தியில் ஒன்பது அடித் தாளத்தைப் போட்டான். அவள் ஏறினாள். நாலாவது படி முந்திக்கொண்டு வந்தபோது தவர்னாவில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். லாம்பிஸின் கால் ஒரு கணம் தடுமாறிற்று. பிறகு அதையே ஆட்டமாக்கிக்கொண்டான். அடிபட்ட ஆள் விழாமல் நிற்கிற மாதிரி, கையை விரித்து, சாய்ந்து, நின்றான். அவள் உச்சிக்குப் போனாள். அரைப்படி கீழே நின்றாள். இறங்கினாள். வீட்டுக்கு முந்தின படியில் நின்று திரும்பினாள். மறுபடி.

பத்து நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பதினைந்தில் விரல்நுனித் தோல் பிய்ந்து தந்தி சிவந்தது. மாந்தோஸ் அவள் பக்கம் குனிந்து, "அக்கா, எங்க போற? முடி" என்றான். அவள் பார்வையைப் பார்த்துவிட்டு வாயை மூடித் தாளத்தைப் பிடித்துக்கொண்டான். லாம்பிஸ் கண்ணை மூடிக்கொண்டு ஆடினான். தரையைக் கையால் அறைந்தான். எழுந்தான். ஏழு வருஷத்தில் அவன் மேல் விழுந்த ஒவ்வொரு அடியையும் வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுப்பது போலிருந்தது. காளவாய்க்காரர்களின் வலது கைகள் மேசைக்கு அடியில் இருந்தன. ஆனால் உட்கார்ந்தேயிருந்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று முப்பத்தைந்து. ஜீப் வரவில்லை.

நிகீதாஸ் எழுந்து நின்றான். அண்ணன் அவன் தோளைப் பிடித்தான். நிகீதாஸ் அதை உதறிவிட்டு மேசையிலிருந்த தட்டை எடுத்தான். அதில் தவறில்லை. ஆடுகிறவனுக்கு மரியாதையாகத் தட்டு உடைப்பது எப்போதும் உள்ளதுதான். அவன் வாய் நிறையப் புன்னகையோடு, "உனக்காகத்தான் லாம்பிஸ்" என்று சொல்லி, தட்டை மேடையின் விளிம்பில் ஓங்கி அடித்தான்.

உடைந்த சில்லு ஒன்று பொலிக்ஸேனியின் வலது மணிக்கட்டில் குத்தி நின்றது. அவள் கை துள்ளியது. சுண்டுவிரலில் சுற்றிய நூல் துள்ளலோடு வந்தது. சங்கிலித் தையல் ஒவ்வொரு கண்ணியாக, சர்ரென்று, அவள் கண் முன்னாலேயே பிரிந்தது. இருபத்தாறு நிமிஷமாக மூச்சை அடக்கியிருந்த மேல் ஜோடி திறந்துகொண்டு, தெளிவாக, சுத்தமாக, வீட்டின் குரலில் ஒலித்தது.

"ஆ" என்றது தவர்னா முழுவதும். ஒரு நல்ல பாட்டு முடிந்தால் ஜனங்கள் சொல்கிற அந்த "ஆ". மாந்தோஸின் கைகூடப் பழக்கத்தில் தாளத்தை மூடிவிட்டது. லாம்பிஸ் கையை விரித்தபடியே நின்றான். கண்ணைத் திறந்தான். அக்காவைப் பார்த்துப் பொக்கைவாயால் சிரித்தான்.

யோர்தானிஸ் மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தரையில் கால் வைத்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் நடந்தது. லாம்பிஸ் பூட்ஸுக்குக் குனிவதற்குள் யோர்தானிஸின் முதல் குத்து அவன் விலாவில். இரண்டாவது அடிவயிற்றில், மேல்நோக்கி. பொலிக்ஸேனி மேடையிலிருந்து குதித்து பக்லமாவை யோர்தானிஸின் முகத்தில் இறக்கினாள். அப்பா செதுக்கிய கிண்ணம் அவன் கன்ன எலும்போடு சேர்ந்து உடைந்தது. பின்னாலிருந்து நிகீதாஸ் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் காலர் மடிப்பிலிருந்த கோணி ஊசியை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே அவன் கையில் செருகினாள். ஊசி மறுபக்கம் வந்தது. அவன் கன்றுக்குட்டி போலக் கத்தினான். லாம்பிஸ், தன்னைக் குத்தினவனின் காதைக் கடித்துப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்தான். யாரோ மேசையைக் கவிழ்த்தார்கள். ப்ரோத்ரமோஸ் பீப்பாய்களை முதுகால் மறைத்தபடி, "வெளிய போங்கடா, வெளிய போய்ச் சாவுங்க" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜீப் வந்தது. மூன்று நாற்பது.

காளவாய்க்காரர்களை விலங்கு போட்டு, ஜீப்பின் பின்னால் வந்த லாரியில் ஏற்றினார்கள். லாம்பிஸை ஜீப்பின் பின்சீட்டில் கிடத்தினார்கள். பொலிக்ஸேனி ஒரு மேசைத்துணியைச் சுருட்டி அவன் வயிற்றில் அழுத்திக்கொண்டு கூடவே ஓடினாள். அவன் அவள் தலையைத் தன் பக்கம் இழுத்தான்.

"பிரமாதமா முடிச்ச அக்கா" என்றான். "அப்பாகூட அப்படி முடிச்சதில்ல."

அவளை ஜீப்பில் ஏற்றவில்லை. ஒரு போலீஸ்காரன் அவள் பேரை எழுதிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்ததும் எந்த நம்பருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டான். அவளுக்குத் தெரிந்த நம்பர் ஒன்றுதான்.

பெட்டிக்கடையில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஃபோதிஸ் அவளுக்கு ஒரு கள்ளிப்பெட்டியை இழுத்துப் போட்டான். அவள் மணிக்கட்டிலிருந்த சில்லைப் பிடுங்கி, ஊஸோ சாராயத்தை ஊற்றி, சிகரெட் அட்டையிலிருந்த வெள்ளிக் காகிதத்தால் மூடிக் கட்டினான்.

"எவ்வளவு நேரம் வாசிச்ச?"

"இருபத்தாறு நிமிஷம். நீ எப்பப் போன் பண்ண?"

"நீ தொட்ட உடனே."

"பார்த்தேன்."

"அடிச்சுக்கிட்டே இருந்தது. எவனும் எடுக்கல. வச்சுட்டு மறுபடி பண்ணினேன். ஞாயித்துக்கிழமை, சாப்பிட்டுத் தூங்கிட்டு இருந்திருப்பானுங்க." அவன் ரூல்கட்டையை எடுத்து, பார்த்து, தெருவோரச் சாக்கடையில் வீசினான். "ஆறு நிமிஷம் கழிச்சுத்தான் எடுத்தான்."

அவள் அதைக் கணக்குப் போடவில்லை. அவள் நகங்களுக்குள் யோர்தானிஸின் ரத்தமும் தம்பியின் ரத்தமும் காய்ந்திருந்தன. எது எதுவென்று தெரியவில்லை. மில்லின் மாலைச் சங்கு ஊதாத நாள் என்பதால் தெரு மிகவும் அமைதியாக இருந்தது. ஸ்மாரோ வந்தாள். ரொட்டியும் ஆலிவும் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"செத்துட்டா அவங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் அனுப்புவாங்க" என்றான் ஃபோதிஸ். "போன் பண்ண மாட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டெலிபோன் அடித்தது.

தகரக் கூண்டுக்குள் அந்த மணி மிகப் பெரியதாகக் கேட்டது. ஃபோதிஸின் கை ரிசீவருக்குப் போனது. பொலிக்ஸேனி எழுந்து, வெள்ளிக் காகிதம் கட்டிய கையை அவன் கையின் மேல் வைத்து அழுத்தினாள். எலும்பு நெரியும் அளவுக்கு.

"இரு."

"எடுக்கட்டுமா வேண்டாமா?"

"இரு. அடிக்கட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையைத் தளர்த்தினான். அவள் இடது கையின் நான்கு விரல்கள் கண்ணாடிப் பலகையின் மேல், தந்தியில்லாத இடத்தில், வீட்டுக்கு முந்தின படியில் அழுந்தி நின்றன. மணி அடித்தது. நின்றது. மறுபடி அடிக்கத் தொடங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.